வெளிநாட்டு ஆவணப்படத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி ஏன் பணம் கொடுத்தது, இனி யார் கொடுப்பார்கள்?

சீனாவின் வூஹான் நகரில் ஒரு தொடக்கப்பள்ளி, மூன்றாம் வகுப்பு. வழக்கமாக ஆசிரியர் நியமிக்கும் வகுப்புத் தலைவரை இந்த முறை பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுகிறார்கள். மூன்று வேட்பாளர்கள், எல்லாருக்கும் எட்டு வயதுதான். வீட்டில் பெற்றோர் உட்கார்ந்து பேச்சு எழுதிக் கொடுக்கிறார்கள், எதிராளியை எப்படி மடக்குவது என்று சொல்லித் தருகிறார்கள், ஒரு பையனின் பெற்றோர் வகுப்பு மொத்தத்தையும் ரயில் சவாரிக்குக் கூட்டிப் போகிறார்கள். அந்தப் பையன்தான் ஜெயிக்கிறான். ‘ப்ளீஸ் வோட் ஃபார் மீ’ என்ற இந்தப் படத்தை எடுத்தவர் ஒரு சீன இயக்குநர். ஆனால் பணத்தைத் திரட்டியது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனை மையமாகக் கொண்ட ஸ்டெப்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. ‘வொய் டெமாக்ரசி?’ என்ற பெயரில் ஜனநாயகத்தைப் பற்றிப் பத்துப் படங்கள், 40க்கும் மேற்பட்ட தொலைக்காட்சிகளின் கூட்டு, 2007 அக்டோபரில் உலகம் முழுக்க ஒளிபரப்பு என்பது ஏற்பாடு. அமெரிக்காவில் அது பொதுத் தொலைக்காட்சியில் வந்தது.

வூஹான் பள்ளிக்கூடத்துக் கதைக்கு அமெரிக்கப் பொதுப்பணம் ஏன் போக வேண்டும்? நம்மில் பலர், வெளிநாட்டு நிதி என்றதும் ஏதோ ஒரு பெரிய அறக்கட்டளை காசோலை எழுதிக் கொடுக்கிறது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் இந்தப் பணத்தின் பெரிய பங்கு ஒரு நாட்டின் தொலைக்காட்சிப் பார்வையாளருக்காக ஒதுக்கப்பட்ட பணம், அதாவது அந்தப் பார்வையாளர் தன் வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கப் போகிறார் என்பதற்காகத்தான் அது தரப்படுகிறது, இயக்குநரின் திறமைக்குப் பரிசாக அல்ல. இதைப் புரிந்துகொண்டால், எந்தக் கதைக்குப் பணம் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை, கிடைத்த பிறகு படம் ஏன் அந்த வடிவத்துக்கு வந்து சேர்கிறது என்பதெல்லாம் ஓரளவு விளங்கிவிடும்.

அமெரிக்க ஏற்பாடு கொஞ்சம் விசித்திரமானது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். பிபிசி போலவோ தூர்தர்ஷன் போலவோ அங்கே ஒரே ஒரு பொது நிறுவனம் எல்லாவற்றையும் செய்வதில்லை. பிபிஎஸ் என்பது 300க்கும் மேற்பட்ட உள்ளூர் நிலையங்கள் சேர்ந்த உறுப்பினர் அமைப்பு. அது தேசிய நிகழ்ச்சிகளை விநியோகிக்கும், தானே தயாரிக்காது. அரசுப் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதற்கென்று சிபிபி என்ற தனிக் கழகம் இருந்தது, 1967 நவம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது. அரசியல்வாதிகள் நிகழ்ச்சிகளில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே அரசுக்கும் ஒளிபரப்புக்கும் நடுவில் இப்படி ஒரு சுவரைக் கட்டினார்கள். பணத்தையும் இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள், இன்றைக்கு வந்த ஒரு நிகழ்ச்சிக்குக் கோபித்துக்கொண்டு நாளைக்கே நிறுத்திவிட முடியாதபடி. இந்தப் பணத்தில் 70 சதவீதத்துக்கு மேல் உள்ளூர் நிலையங்களுக்கே போனது.

மிச்சத்தில்தான் சுயாதீனப் படைப்பாளிகளின் பங்கு. அதுவும் சும்மா வரவில்லை. பொதுத் தொலைக்காட்சி தன் பெரிய நிலையங்களுக்கே பணத்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறது, வெளியே இருக்கும் எங்களுக்குக் கதவு இல்லை என்று ஆவணப்பட இயக்குநர்கள் ஆண்டுக்கணக்கில் வாஷிங்டனில் முறையிட்டார்கள். 1988இல் நாடாளுமன்றம் அதை ஏற்று, சுயாதீனத் தயாரிப்புக்கென்றே தனி அமைப்பு வேண்டும் என்று சட்டம் போட்டது. அப்படி வந்ததுதான் ஐடிவிஎஸ், 1991இல் வேலையைத் தொடங்கி இப்போது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இயங்குகிறது. வழக்கமான நிகழ்ச்சிகள் கண்டுகொள்ளாத மக்களின் கதைகளை, குறிப்பாகச் சிறுபான்மையினரின் கதைகளை, திரைக்குக் கொண்டுவருவது அதன் சட்டப்பூர்வக் கடமை. இயக்குநர்கள் போராடி வாங்கிய சட்டம் இது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இன்றைக்கு அதை யாரோ தானமாகக் கொடுத்ததுபோல எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2000களின் நடுவில் இந்த அமைப்பு வெளிநாட்டு இயக்குநர்களுக்கும் தன் கதவைத் திறந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, உலகத்தைப் பற்றி அமெரிக்க மக்களுக்கு இவ்வளவு குறைவாகவா தெரியும் என்ற கவலை அங்கே பரவலாக இருந்தது. ஃபோர்டு, மெக்ஆர்தர் போன்ற அறக்கட்டளைகளும் பணம் சேர்த்தன. ஒரு நாட்டைப் பற்றி அமெரிக்க நிருபர் விமானத்தில் இறங்கி எடுத்துக்கொண்டு போவதற்குப் பதில், அந்த நாட்டிலேயே வாழ்பவர் எடுக்கட்டும் என்பதுதான் யோசனை. எனக்கு இந்த யோசனை அன்றும் சரி, இன்றும் சரி, மிகவும் பிடித்தது. அப்போதைய விதிகளின்படி விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்கக் கூடாது, அமெரிக்காவுக்கு வெளியே வசிக்க வேண்டும், படத்தின் பதிப்புரிமையும் கடைசி எடிட்டைத் தீர்மானிக்கும் உரிமையும் அவர் கையில் இருக்க வேண்டும். மாணவர் படம் கூடாது. எடுத்தவரைக்கும் சில நிமிடக் காட்சிகளைக் காட்ட வேண்டும்.

அப்புறம், தந்த பணம் மானியம் இல்லை, உரிமக் கட்டணம். அமெரிக்காவுக்குள் பொதுத் தொலைக்காட்சியில் சில ஆண்டுகளுக்கு ஒளிபரப்பும் உரிமையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள், படம் முடிவதற்கு முன்பே பணம் தந்தார்கள். மற்ற நாடுகளில் விற்கும் உரிமை இயக்குநருக்கே. படம் சொந்தமாக இருப்பதும் இயக்குநருக்கே. பெரும்பாலும் பட்ஜெட்டின் ஒரு பகுதி வேறு இடங்களில் கிடைத்த பிறகு, மீதியை அடைத்துப் படத்தை முடிக்க உதவும் பணமாகத்தான் இது வந்தது.

இந்த மானியம்–உரிமம் வேறுபாடு இந்திய இயக்குநருக்கு ரொம்ப முக்கியம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு மானியம் வாங்கப் பதிவு, தனி வங்கிக் கணக்கு என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஒளி, ஒலி வழியாகச் செய்தியோ நடப்பு நிகழ்வு நிகழ்ச்சியோ தயாரிப்பவர்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சமூகப் பிரச்சினையைப் பற்றிய ஆவணப்படம் நடப்பு நிகழ்வா இல்லையா என்று யார் முடிவு செய்வது என்பது இன்னொரு தலைவலி. ஆனால் வழக்கமான தொழிலில் பொருளுக்கோ சேவைக்கோ ஈடாக வரும் கட்டணம் நன்கொடை ஆகாது என்று அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒளிபரப்பு உரிமத்தை விற்றுப் பெறும் பணத்தை ஒரு தயாரிப்பு நிறுவனம் வணிக வருமானமாகக் காட்ட இடம் இருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன வார்த்தை இருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஒரு நல்ல ஆடிட்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சரி, ஐரோப்பாவில் எப்படி? அங்கே பணம் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து 1990இல் ஒப்பந்தம் போட்டு, 1992 மே மாதம் ஒளிபரப்பைத் தொடங்கிய ஆர்ட்டே சேனல், ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து இயங்குவது, பண்பாட்டுக்கென்றே இருப்பது. ஜெர்மனியில் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வசூலிக்கும் ஒளிபரப்புக் கட்டணத்திலிருந்து அதற்குப் பணம் போகிறது. பிரான்ஸ் 2022இல் அந்தக் கட்டணத்தை ரத்து செய்துவிட்டு வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. பிபிசியில் 1997 முதல் ஸ்டோரிவில் என்ற வெளிநாட்டு ஆவணப்பட வரிசை. அப்புறம் ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, நெதர்லாந்து என்று சின்ன நாடுகளின் பொதுத் தொலைக்காட்சிகள், ஒவ்வொன்றும் கொஞ்சம்.

இவர்களையெல்லாம் ஒரே அறையில் பிடிக்கும் இடம்தான் ஆம்ஸ்டர்டாமில் இட்ஃபா திரைப்பட விழாவை ஒட்டி 1993 முதல் நடக்கும் ஃபோரம். நீண்ட மேசையைச் சுற்றி நிகழ்ச்சிகளை வாங்கும் கமிஷனிங் எடிட்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேசையின் ஒரு முனையில் இயக்குநரும் தயாரிப்பாளரும். ஏழு நிமிடம் பேச்சும் டிரெய்லருமாகப் படத்தைச் சொல்ல வேண்டும், பிறகு ஏறத்தாழ அதே அளவு நேரம் அவர்கள் கருத்துச் சொல்வார்கள். சுற்றிலும் பார்வையாளர் வரிசை, எல்லார் முன்னாலும். நான்கு வருடமாக ஒரு குடும்பத்தோடு தங்கிப் படம் எடுத்தவர், அதை ஏழு நிமிடத்தில், தாய்மொழி அல்லாத ஆங்கிலத்தில் விற்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத இயக்குநர் எத்தனை நல்ல படத்தை வைத்திருந்தாலும் இந்த மேசையில் பாதி தோற்றுவிடுவார். அதனாலேயே ஐரோப்பியத் தயாரிப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது, அவருக்குப் பங்கும் போகிறது, சில நேரம் கதையின் பாதி தீர்மானமும் போகிறது. இந்தக் குறையை அந்த விழாவே உணர்ந்து, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற இடங்களின் இயக்குநர்களுக்காகத் தனி நிதி ஒன்றை 1998 முதல் நடத்துகிறது. கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் போன்ற பயிற்சிக் களங்களும் இதே இடைவெளியை நிரப்ப வந்தவைதான்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். பணம் தருகிற பார்வையாளர், படத்தை எடிட் செய்யும் மேசையில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். 2012இல் ‘வொய் பாவர்ட்டி?’ என்ற அடுத்த வரிசை வந்தது, எட்டுப் படங்கள். அதில் ஒன்று ‘சோலார் மாமாஸ்’. ஜோர்டானைச் சேர்ந்த ரஃபேயா என்ற பெதுவின் (பாலைவன நாடோடி அரபு இன) பெண், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர், ராஜஸ்தானின் திலோனியாவில் கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் கற்றுத்தரும் பேர்ஃபுட் கல்லூரிக்கு வந்து சூரியமின் தகடுகளை நிறுவக் கற்றுக்கொள்கிறார். நடுவில் கணவர், திரும்பி வராவிட்டால் பெண் பிள்ளைகளை எடுத்துக்கொள்வேன் என்று மிரட்ட, ஊருக்குப் போகிறார், மறுபடி போராடித் திலோனியாவுக்கு வருகிறார். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் அதே ஆண்டு நவம்பரில் இது வந்தது.

நல்ல படம். ஆனால் கவனித்துப் பாருங்கள், இதே விஷயத்தை ஓர் இந்திய இயக்குநர் இந்தியப் பார்வையாளருக்கு எடுத்தால் என்னென்ன கேள்விகள் முன்னால் வந்திருக்கும்? அந்தக் கல்லூரி எப்படி நடக்கிறது, ராஜஸ்தான் கிராமத்துப் பெண்களுக்கு என்ன கிடைத்தது, சாதி அங்கே எப்படி வேலை செய்கிறது, அரசு என்ன செய்தது. அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியின் இரவு நேர நிகழ்ச்சிக்கு வரும்போது அதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. ஒரு மனிதர், அவருக்கு ஒரு ஆசை, வழியில் ஒரு தடை, கடைசியில் ஒரு முடிவு. இந்த அச்சில் வரும் கதைக்கு வாய்ப்பு அதிகம். காரணம் எளிது: அமெரிக்காவின் ஒஹையோவில் சோஃபாவில் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு ராஜஸ்தான் தெரியாது, ஆனால் மகளைப் பிரிக்கப் பார்க்கும் கணவரைப் புரியும். வாதத்தை முன்வைக்கும் படங்கள், ஒரு தொழிலின் வரலாற்றைப் பொறுமையாக அடுக்கும் படங்கள், இந்தியாவில் பலமான மரபு உள்ளவை, இந்தச் சந்தையில் திணறுகின்றன. இது யாருடைய சதியும் இல்லை. ஆனால் இதன் விளைவாக, ஒரு நாட்டின் அமைப்புப் பிரச்சினைகள் எல்லாம் தனி மனிதரின் மன உறுதிக் கதைகளாக மாறி வெளியே போகின்றன, அதை நான் சின்ன இழப்பாக நினைக்கவில்லை.

நேர அளவும் இப்படித்தான். பிபிஎஸ் ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் சரியாக 56 நிமிடம் 46 விநாடி. ஐரோப்பாவில் பல சேனல்களுக்கு 52 நிமிடம், சிலருக்கு 58. திரைப்பட விழாவுக்கு 90 நிமிடப் பதிப்பு. ஆக ஒரே படத்தை மூன்று நான்கு முறை வெட்ட வேண்டும், அந்தச் செலவும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 90ஐ 56க்குக் கொண்டுவரும்போது முதலில் போவது மௌனங்கள், பிறகு இரண்டாம் நிலைப் பாத்திரங்கள், பிறகு வேடிக்கையான கிளைக் காட்சிகள். சேர்வது என்ன? தொடக்கத்தில் ஒரு வரைபடம், நாட்டைப் பற்றி மூன்று வரி எழுத்து, இங்கே யார் பெரும்பான்மை, யார் சிறுபான்மை என்ற விளக்கம். உள்ளூர்க்காரருக்கு அந்த மூன்று வரி பாடப்புத்தகம் போலத் தட்டையாக இருக்கும். வெளியாருக்கோ அது இல்லாவிட்டால் அடுத்த ஐம்பது நிமிடமும் புரியாது. இதில் நல்ல தீர்வு என்று எனக்குத் தெரிவது, ஆரம்பத்திலேயே உள்நாட்டுப் பதிப்பையும் தனியாகத் திட்டமிட்டு அதற்கென்று எடிட் நாட்களை ஒதுக்கிவிடுவதுதான்.

யார் பணம் தரலாம் என்பதிலும் பிபிஎஸ் கறாராக இருந்தது. மூன்று கேள்விகள் கேட்பார்கள். பணம் தந்தவர் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தினாரா? கட்டுப்படுத்தாவிட்டாலும், பார்க்கிற பொதுமக்களுக்கு அப்படித் தோன்ற இடம் இருக்கிறதா? அவருடைய பொருளையோ சேவையையோ விற்பதற்காகவே நிகழ்ச்சி எடுக்கப்பட்டதுபோல இருக்கிறதா? இரண்டாவது கேள்விதான் பலரைத் தடுக்கும். சுரங்கம் பற்றிய படத்துக்குச் சுரங்கத்தை எதிர்த்து இயங்கும் ஓர் அமைப்பு பணம் தந்தாலும் சிக்கல், சுரங்க நிறுவனமே தந்தாலும் சிக்கல். இந்தக் கண்டிப்பு எரிச்சலூட்டும், ஆனால் அவசியமானது என்பது என் கருத்து.

பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது படத்துக்கு எந்த நாட்டு முத்திரை விழுகிறது என்பதையும் தீர்மானிக்கிறது. மேற்குக் கரையின் பிலின் கிராமத்துப் பாலஸ்தீன விவசாயி ஒருவர், தன் நிலத்தை விழுங்கும் இஸ்ரேலியத் தடுப்புச் சுவருக்கு எதிரான போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் தன் கேமராக்களில் பதிந்தார், ஓர் இஸ்ரேலிய இயக்குநரோடு சேர்ந்து ‘5 ப்ரோக்கன் கேமராஸ்’ ஆக முடித்தார். இஸ்ரேலிய அரசு ஆதரவு பெற்ற ஒரு திரைப்பட நிதியும் அதில் இருந்தது, பிரெஞ்சுப் பணமும் இருந்தது. ஆஸ்கர் பரிந்துரை வந்ததும், இது இஸ்ரேலியப் படமா, பாலஸ்தீனப் படமா என்று பெரிய சர்ச்சை. சொந்த கிராமத்துக் கதைக்கே ஒருவர் இப்படி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

நம் பக்கத்து உதாரணம் 2015இல் நடந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக் கொலையைப் பற்றி பிரிட்டிஷ் இயக்குநர் ஒருவர் பிபிசி ஸ்டோரிவில்லுக்காக எடுத்த ‘இந்தியாஸ் டாட்டர்’, மார்ச் 8 மகளிர் தினத்தில் ஒளிபரப்பாக இருந்தது. சிறையில் குற்றவாளியிடம் எடுத்த பேட்டி வெளியே தெரிந்ததும் இந்திய அரசு தடை வாங்க, பிபிசி முன்கூட்டியே மார்ச் 4இல் பிரிட்டனில் ஒளிபரப்பிவிட்டது. பிறகு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியிலும் வந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இந்தப் பேட்டி வெளிவரக் கூடாது என்று இந்தியப் பெண்ணியவாதிகள் சிலரே எதிர்த்தார்கள், தடை கூடாது என்றவர்களும் அவர்களில் உண்டு. எனக்குத் தடையில் உடன்பாடு இல்லை. ஆனால் இந்தியாவைப் பற்றிய ஒரு படத்தைப் பிரிட்டனும் அமெரிக்காவும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க, இந்தியத் தொலைக்காட்சியில் அது வரவே இல்லை என்ற நிலை, படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்ற கேள்வியை முகத்துக்கு நேரே கேட்கிறது.

உள்நாட்டுத் தொலைக்காட்சி பணம் தராமல் வெளிநாட்டைக் குறை சொல்வது நியாயமும் இல்லை. ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்த்தன் தன் படங்களைத் தூர்தர்ஷனில் காட்ட வைப்பதற்கே நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார், ஒரு படத்துக்கு 2006இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2000இல் தொடங்கிய பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை, தூர்தர்ஷனோடு சேர்ந்து நிறைய சுயாதீனப் படங்களுக்கு வழி திறந்தது, அதற்கும் ஆரம்ப ஆதரவு ஃபோர்டு அறக்கட்டளையிடமிருந்துதான். 1948 முதல் இருந்த, அரசின் ஆவணப்படத் தயாரிப்புப் பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷனை இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அமெரிக்கக் கதவும் மூடுகிறது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், சிபிபிக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது, அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஒதுக்கிக் கட்டிய சுவர் அப்படி ஒரே மசோதாவில் உடைந்தது. ஆகஸ்ட் 1இல் சிபிபி தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது, 2026 ஜனவரியில் அமைப்பையே கலைக்க அதன் வாரியம் வாக்களித்தது. ஆண்டுக்கு ஓர் அமெரிக்கருக்கு சுமார் 1.60 டாலர், அவ்வளவுதான் இந்தச் செலவு. ஐடிவிஎஸ் பணத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. இனி அறக்கட்டளைகளையும் தனியார் கொடையாளர்களையும் நம்பித்தான் அது ஓட வேண்டும். சொந்த ஊர் நிலையம் ஒன்று இருட்டாகும் நிலையில், வெளிநாட்டு இயக்குநருக்கான பணத்தைக் காப்பாற்ற அங்கே யார் குரல் கொடுப்பார்கள்?

ஸ்ட்ரீமிங் தளங்கள் இருக்கின்றனவே என்று சொல்வார்கள். அவர்கள் வாங்கினால் நல்ல விலை, மறுக்கவில்லை, 2017இல் ஒரு ஆவணப்படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் முடிந்த படத்தைத்தான் வாங்குகிறார்கள், உலகம் முழுமைக்கும் உரிமை கேட்கிறார்கள், பிரபலங்களையும் குற்றக் கதைகளையும் அதிகம் விரும்புகிறார்கள். பாதியில் பணமில்லாமல் நிற்கும் படத்துக்கு, தெரியாத ஊரில் தெரியாத மனிதரைப் பற்றிய படத்துக்கு, முன்பணம் தந்து உரிமையையும் இயக்குநரிடமே விட்டுவைத்த பணம் பொதுத் தொலைக்காட்சியுடையது. அதற்கு ஈடாக இன்னொன்று இன்னும் வரவில்லை.

மிச்சமிருக்கும் ஐரோப்பிய, ஆசியத் தொலைக்காட்சிகளிடம் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் பணத் தொகைக்கு முன்னால் பார்க்க வேண்டியது மூன்று வரிகளை: எந்தெந்த நாட்டுக்கு உரிமை, எத்தனை ஆண்டுக்கு, அவர்கள் ஒளிபரப்பும்வரை நீங்கள் வேறெங்கும் காட்டாமல் காத்திருக்க வேண்டிய காலம் எவ்வளவு. மூன்றாவதுதான் வலிக்கும். படத்தில் இருக்கும் மனிதர்களின் ஊரில் அதைத் திரையிட, பள்ளி கல்லூரிகளில், சங்கக் கூட்டங்களில் கட்டணமின்றிக் காட்ட, அந்தக் காத்திருப்புக்கு விலக்கு வேண்டும் என்று முதல் பேச்சிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதலில் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள், கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் ஒவ்வொரு திரையிடலுக்கும் தனித்தனியாக அனுமதிக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.